சிறைக்கட்டணத்துக்காக ஏலம் போன சுதந்திரக் கறுப்பர்கள்

கேள்வி இது: அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்னால், அடிமையாக இல்லாத கறுப்பர்களையும் ‘பதிவுச் சீட்டு இல்லை’ என்று சொல்லிச் சிறையில் அடைத்தார்களாமே, குற்றம் எதுவும் செய்யாத ஒருவரை எந்தச் சட்டப்படி பிடித்தார்கள், பிடித்த பிறகு அவருக்கு என்ன நடந்தது?

பிடிப்பதற்குக் குற்றம் எதுவும் தேவைப்படவில்லை. தெருவில் நடந்துபோகும் ஒரு கறுப்பரிடம் ‘நீ அடிமை இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்கலாம். அவர் காட்ட வேண்டிய காகிதத்தைக் காட்ட முடியாவிட்டால், அதுவே அடைப்பதற்குப் போதுமான காரணம். அடைத்த பிறகு அவருடைய உணவுக்கும் காவலுக்கும் ஆகும் செலவை அவர் தலையிலேயே கட்டுவார்கள். அந்தக் கடனைக் கட்ட வழியில்லை என்றால் ஆளையே கூலிக்கு விடுவார்கள். சில இடங்களில் ஏலத்தில் விற்பார்கள். இந்த ஏற்பாட்டில் மிகக் கொடிய உறுப்பு சிறைச்சுவரைவிட அந்தச் சிறைக்கட்டணம்தான் என்பது என் கருத்து. ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இது யாரைப் பற்றிய பேச்சு என்பது தெளிவாகட்டும். 1860-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்கா முழுவதும் அடிமையல்லாத கறுப்பர்கள் 4,88,070 பேர். அவர்களில் பாதிக்கு மேல் வாழ்ந்தது அடிமைமுறை நடப்பில் இருந்த தென்பகுதி மாநிலங்களில். மேரிலாந்தில் மட்டும் 83,942 பேர், வர்ஜீனியாவில் 58,042 பேர். முடிதிருத்துவோர், சலவை செய்யும் பெண்கள், கொல்லர்கள், தச்சர்கள், படகோட்டிகள், மாலுமிகள், சிறு விவசாயிகள் என்று எல்லாத் தொழிலிலும் இருந்தார்கள். சிலர் பல தலைமுறைகளாகச் சுதந்திரமானவர்கள். சிலர் எஜமானரின் உயிலால் விடுதலை பெற்றவர்கள். சிலர் தாங்கள் சேர்த்த பணத்தில் தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டவர்கள்.

சட்டத்தின் அடித்தளம் ஓர் அனுமானம். 1806-இல் வர்ஜீனியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘ஹட்ஜின்ஸ் எதிர் ரைட்’ வழக்கில் அதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. கீழ்நீதிமன்றத்தில் ஜார்ஜ் வித் என்ற நீதிபதி, மாநிலத்தின் உரிமைப் பிரகடனப்படி சுதந்திரம் மனிதர் எல்லாருக்கும் பிறப்புரிமை, ஒருவரை அடிமை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றார். மேல்நீதிமன்றம் வழக்குத் தொடுத்த குடும்பத்தை விடுவித்தது. ஆனால் காரணத்தை மாற்றிவிட்டது. பார்வைக்கு வெள்ளையராகவோ அமெரிக்க முதற்குடியினராகவோ தெரிபவர் சுதந்திரமானவர் என்று கொள்ளலாம். ஆப்பிரிக்கத் தோற்றம் உள்ளவர் அடிமை என்றே கொள்ளப்படுவார், இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவருடையது. நீதிமன்றத்தில் வாதாடும்போது மட்டும் வரும் விதியாக இது நிற்கவில்லை. தெருமுனைக் காவலர், படகுத்துறைக் காவலாளி, ரயில் நடத்துநர், ஊர் ரோந்துக் கும்பல் என எல்லாரும் இதே அனுமானத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆட்களைப் பார்த்தார்கள். இதற்கு விலக்காக நின்ற ஓர் அடிமை மாநிலம் டெலவேர். அங்கே அடிமைகளைவிடச் சுதந்திரமான கறுப்பர்கள் பல மடங்கு அதிகம் இருந்ததால், 1840-இல் அதன் நீதிமன்றம் கறுப்பரையும் சுதந்திரமானவர் என்றே அனுமானிக்க வேண்டும் என்றது.

அனுமானம் இப்படி இருக்கும்போது, அதை மறுக்கக் கையில் ஒரு காகிதம் வேண்டும். அதற்காக வந்ததுதான் பதிவுச் சட்டம். பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்ட ஆவணம் என்று இதைச் சொல்வோர் உண்டு. சீட்டு சிலரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் சீட்டு என்று ஒன்று வந்த பிறகு, அது இல்லாதவர் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர் ஆனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம், மற்ற பல மாநிலங்களின் சட்டங்களும் ஏறக்குறைய இதே அச்சில் வார்த்தவைதான். 1782-இல் அங்கே எஜமானர்கள் பத்திரம் எழுதியோ உயில் எழுதியோ அடிமைகளை விடுவிக்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. சுதந்திரமான கறுப்பர்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. பதினோரு ஆண்டுகளில், 1793-இல், பதிவுச் சட்டம் வந்தது. நகரங்களில் வசிப்பவர் நகர எழுத்தரிடம் ஆண்டுதோறும், கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதிகளில்) வசிப்பவர் கவுண்டி நீதிமன்ற எழுத்தரிடம் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிய வேண்டும். எழுத்தர் ஒரு தனிப் பேரேட்டில் வரிசை எண் போட்டுப் பெயர், வயது, நிறம், உயரம் ஆகியவற்றை எழுதுவார். எந்த நீதிமன்றத்தில், யாரால் விடுவிக்கப்பட்டார், அல்லது பிறப்பிலேயே சுதந்திரமானவரா என்பதும் அதில் இருக்க வேண்டும். பின்னால் வந்த சட்டங்கள் முகத்திலும் தலையிலும் கையிலும் உள்ள தழும்புகளையும் சேர்க்கச் சொல்லின. நம் பள்ளிச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு வரி வருமே, அதைப் போன்றதுதான். ஆனால் இங்கே அந்த வரி பொருந்தவில்லை என்றால் போவது ஒருவரின் விடுதலை. பேரேட்டுப் பதிவின் நகலை வாங்க 25 சென்ட் கட்டணம். அந்த நகலில் எழுத்தரின் கையெழுத்தும் ஒரு நீதிபதியின் சான்றொப்பமும் இருக்கும். நகல் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் வைத்தவருக்கு 5 டாலர் அபராதம். நகல் இல்லாமல் நடமாடுபவருக்குச் சிறை.

1801-இல் இன்னொரு அடுக்கு சேர்ந்தது. வரி அலுவலர் ஆண்டுதோறும் தம் பகுதியில் உள்ள சுதந்திரமான கறுப்பர்களின் பெயர், பால், இருப்பிடம், தொழில் ஆகியவற்றைப் பட்டியலிட்டு நீதிமன்றக் கதவில் ஒட்ட வேண்டும். பட்டியலில் உள்ளவர் வேறு கவுண்டிக்குப் போய் அங்கே வேலையில்லாமல் இருந்தால் நாடோடி என்று பிடிக்கலாம். ஆக, சீட்டு இருந்தாலும் அது தன் ஊருக்குள் மட்டும் முழு மதிப்புள்ளது. ஆற்றில் சரக்குப் படகு ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு இது என்ன நெருக்கடி என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு 1806 வந்தது. அந்த ஆண்டு மே 1-க்குப் பிறகு விடுதலை பெற்ற எவரும் பன்னிரண்டு மாதத்துக்குள் வர்ஜீனியாவை விட்டு வெளியேற வேண்டும். தங்கினால் விடுதலை பறிபோகும், ஏழைகள் நல மேற்பார்வையாளர்கள் அவரைப் பிடித்து விற்கலாம். மனைவியும் பிள்ளைகளும் இன்னொருவரின் அடிமைகளாக அதே ஊரில் இருக்க, விடுதலை பெற்ற கணவர் மட்டும் எங்கே போவார்? சட்டமன்றத்துக்கு, பிற்காலத்தில் கவுண்டி நீதிமன்றத்துக்கு, ‘என்னை இங்கேயே இருக்க விடுங்கள்’ என்று மனுப்போட்டார்கள். சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் ஓசைப்படாமல் தங்கினார்கள்.

பலர் ஏன் பதியாமலே இருந்தார்கள் என்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது. சோம்பல், அறியாமை என்று பழைய அதிகாரிகள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1806-க்குப் பிறகு விடுதலை பெற்றுத் தங்கிவிட்டவர் எழுத்தரிடம் போய் நின்றால், ‘எப்போது விடுதலை பெற்றாய்?’ என்ற கேள்விக்கு அவர் சொல்லும் விடையே அவருக்கு எதிரான வாக்குமூலம். பிறப்பிலேயே சுதந்திரமானவருக்கு வேறு சிக்கல். 1662 முதலே பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. ஆகவே தன் தாய் சுதந்திரமானவர், தன்னைப் பெற்றவர் அவர்தான் என்று காட்ட வேண்டும். கறுப்பர்கள் வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. எனவே பிறப்பையும் வளர்ப்பையும் அறிந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து சத்தியம் செய்தால்தான் வேலை எளிதாக முடியும். அந்த அண்டைவீட்டுக்காரர் இறந்துபோயிருந்தால், மேற்கே குடிபெயர்ந்திருந்தால், அல்லது மனம் வராவிட்டால், ஆதாரம் போயிற்று. அதோடு நீதிமன்றம் வரை ஒருநாள் நடை, கூலியிழப்பு, கட்டணம். அமைதியான ஆண்டுகளில் யாரும் கேட்பதில்லை. ஊரார் எல்லாருக்கும் இன்னார் என்று தெரியும். ஆகவே விட்டுவிடுவார்கள்.

கேட்கத் தொடங்கும் ஆண்டுகள் வேறு. 1800-இல் ரிச்மண்ட் அருகே கேப்ரியேல் திட்டமிட்ட கிளர்ச்சி, 1822-இல் சார்ல்ஸ்டனில் டென்மார்க் வீஸி, 1831-இல் சவுத்தாம்ப்டன் கவுண்டியில் நாட் டர்னர், 1859-இல் ஹார்பர்ஸ் ஃபெர்ரியில் ஜான் பிரவுன் என, அடிமைமுறைக்கு எதிராக இவர்கள் திட்டமிட்ட அல்லது நடத்திய எழுச்சிகளைச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு, அதுவரை தூசி படிந்து கிடந்த பதிவுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு காவலர்கள் வீடுவீடாக வந்தார்கள். எழுத்தர் அலுவலகங்களில் கூட்டம் முண்டியடித்தது. பத்தாண்டுகள் யாரும் கேட்காத சீட்டை ஒரே வாரத்தில் காட்டச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்? சட்டம் எப்போதும் நடைமுறையில் இருந்திருந்தால்கூட மக்கள் அதற்கேற்ப வாழக் கற்றிருப்பார்கள். தூங்கித் தூங்கி விழித்துக்கொள்ளும் சட்டம் இன்னும் ஆபத்தானது.

இனி, பிடிபட்டவருக்கு நடந்தது. வரிசையாகச் சொன்னால் இப்படி: யாரோ ஒருவர் பிடிக்கிறார். ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுப்பவருக்கு வெகுமதி உண்டு என்பதால், காவலராக இல்லாதவருக்கும் பிடிப்பதில் ஆதாயம் இருந்தது. அமைதி நீதிபதி (ஊரளவில் சிறு வழக்குகளைப் பார்ப்பவர்) முன் நிறுத்துகிறார்கள். காகிதம் இல்லை என்றால் ‘தப்பியோடியவர்’ என்ற பெயரில் கவுண்டிச் சிறைக்கு அனுப்பும் ஆணையில் அவர் கையெழுத்திடுகிறார். இந்தச் சொல்லைக் கவனியுங்கள். எந்த எஜமானரும் தேடி வரவில்லை, எங்கிருந்து ஓடினார் என்பதும் தெரியாது, ஆனாலும் ‘தப்பியோடியவர்’. சிறைக் கண்காணிப்பாளர் அவருடைய உருவ அடையாளங்களை எழுதிச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கிறார். உரிமையாளர் வந்து நிரூபித்து அழைத்துச் செல்லலாம் என்று அழைப்பு. விளம்பரச் செலவு, பிடித்தவருக்கான வெகுமதி, நீதிபதியின் கட்டணம், அன்றாடச் சாப்பாட்டுச் செலவு, பூட்டித் திறக்கும் கட்டணம் என எல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். யாரும் உரிமை கோராவிட்டால், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அந்தக் கணக்கைத் தீர்க்க ஆளைக் கூலிக்கு விடலாம் அல்லது விற்கலாம்.

நாள் ஆக ஆகக் கடன் கூடுகிறது. கடன் கூடக் கூட வெளியே வரும் வழி குறுகுகிறது. உள்ளே இருப்பவர் தம் ஊருக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அங்கே எழுத்தர் நகல் எடுக்க வேண்டும், அது அஞ்சலில் வந்துசேர வேண்டும், அது இவரைப் பற்றியதுதான் என்று நீதிபதி ஏற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் யாரோ ஒருவரின் இரக்கத்தை நம்பித்தான் முதல் கடிதமே போகும். கடைசியில் சுதந்திரமானவர் என்று உறுதியானாலும், பல இடங்களில் கட்டணம் தள்ளுபடி ஆகாது. தவறாக அடைத்ததற்கான செலவையும் அடைபட்டவரே கொடுக்க வேண்டும்.

இதற்கு நன்கு பதிவான ஒரு சான்று தலைநகரமான வாஷிங்டனிலிருந்தே கிடைக்கிறது. 1801-இல் வாஷிங்டன் அமைந்த கொலம்பியா மாவட்டத்தின் ஆட்சிமுறையை வகுத்தபோது, மேரிலாந்து கொடுத்த பகுதியில் மேரிலாந்துச் சட்டமும் வர்ஜீனியா கொடுத்த பகுதியில் வர்ஜீனியாச் சட்டமும் அப்படியே தொடரட்டும் என்று காங்கிரஸ் விட்டுவிட்டது. அதனால் நாட்டின் மைய அரசு நடத்திய சிறையிலேயே மேலே சொன்ன வழக்கம் நடந்தது. 1826 ஜூலையில் கில்பர்ட் ஹார்ட்டன் என்ற கறுப்பு மாலுமியைப் பிடித்து வாஷிங்டன் சிறையில் வைத்தார்கள். ஆகஸ்டில் ‘நேஷனல் இன்டெலிஜென்ஸர்’ செய்தித்தாளில் மார்ஷல் (மைய அரசின் சட்ட அமலாக்க அதிகாரி) டென்ச் ரிங்கோல்டின் பெயரில் அறிவிப்பு வந்தது. அவருடைய உடற்கட்டு, பெரிய கண்கள், இடதுகையில் முழங்கைக்கு அருகே உள்ள தழும்பு, அணிந்திருந்த உடை எல்லாம் அதில் இருந்தன. நியூயார்க் மாநிலத்தில் பீக்ஸ்கில் அருகே தாம் சுதந்திரமாகப் பிறந்ததாக அவரே சொல்கிறார் என்பதும் அச்சாகியிருந்தது. அதற்கடுத்த வாக்கியம், உரிமையாளர் யாரேனும் இருந்தால் வந்து அழைத்துச் செல்லட்டும், இல்லையேல் சிறைக்கட்டணத்துக்கும் மற்றச் செலவுகளுக்கும் சட்டப்படி விற்கப்படுவார் என்றது.

அந்த அறிவிப்பு நியூயார்க்கின் வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் அவரை அறிந்தவர்கள் கண்ணில் பட்டதுதான் அவருடைய நல்லூழ். அங்கே கூட்டம் கூடியது. முன்னாள் தலைமை நீதிபதி ஜான் ஜேயின் மகன் வில்லியம் ஜே முன்னின்றார். ஆளுநர் டி விட் கிளின்டன், குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஹார்ட்டன் விடுதலையானார். அந்த டிசம்பரில் நியூயார்க் உறுப்பினர் ஏரன் வார்ட், மற்ற மாநிலங்களின் சுதந்திரக் குடிமக்களைப் பிடித்து விற்க இடம்தரும் இந்தச் சட்டத்தை விசாரிக்க வேண்டும் என்று காங்கிரஸில் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு மாலுமியை ஏலத்திலிருந்து மீட்க ஒரு மாநில ஆளுநர் வேண்டியிருந்தது என்பதைப் பாருங்கள். விளம்பரத்தைப் படிக்க அக்கறையுள்ள ஆள் இல்லாத ஊரிலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர்.

அப்படி ஒருவரைப் பற்றிப் பென்சில்வேனியா உறுப்பினர் சார்ல்ஸ் மைனர் 1829-இல் காங்கிரஸில் பேசினார். 1821 ஆகஸ்டில் தப்பியோடியவர் என்று பிடிக்கப்பட்ட ஒரு கறுப்பர் 1822 அக்டோபர் வரை, மொத்தம் 405 நாள், வாஷிங்டன் சிறையில் இருந்தார். பூச்சியும் நோயும் அவருடைய கைகால்களை முடக்கிவிட்டன. அவரை வாங்க யாரும் முன்வராததால் கடைசியில் வெளியே விட்டார்கள். ஆதாரம் கிடைத்ததால் அவர் விடுதலையாகவில்லை; சந்தையில் விலை போகாததால் விடுதலையானார்.

சிறையோடு பிணையும் வாஷிங்டனில் இருந்தது. 1821-இல் நகர நிர்வாகம், சுதந்திரமான கறுப்பர் ஒவ்வொருவரும் மேயர் முன் வந்து, மதிப்புள்ள மூன்று வெள்ளையரின் நற்சான்றும் 20 டாலர் நன்னடத்தைப் பிணையும் தர வேண்டும் என்றது. வங்கி ஒன்றில் பணியாளாக இருந்த வில்லியம் காஸ்டின் மறுத்து வழக்காடினார். நீதிபதி வில்லியம் கிராஞ்ச், சட்டம் போட நகருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஏற்கெனவே குடியிருப்பவர்மேல் அது பாயாது என்று தீர்த்தார். காஸ்டினுக்கு வெற்றி, புதிதாக வருபவர்களுக்குத் தோல்வி. பிணைத்தொகை 1827-இல் 500 டாலர் ஆனது, இரவு பத்து மணிக்கு மேல் நடமாடத் தடையும் வந்தது. 1835-இல் கறுப்பர்களின் கடைகளையும் பள்ளிகளையும் கும்பல்கள் தாக்கிய பிறகு, தாக்கியவர்களைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாக, 1836-இல் பிணையை 1,000 டாலராக்கி ஐந்து வெள்ளைச் சொத்துடையவர்கள் கையெழுத்திட வேண்டும் என்றார்கள்.

துறைமுகங்களில் பதிவே கேட்கவில்லை, நேராகச் சிறைதான். வீஸி சதிக்குப் பிறகு 1822 டிசம்பரில் தென் கரோலினா போட்ட சட்டப்படி, வெளியிலிருந்து வரும் எந்தக் கப்பலிலும் சுதந்திரமான கறுப்பு மாலுமியோ சமையற்காரரோ இருந்தால், கப்பல் கிளம்பும்வரை அவரைச் சார்ல்ஸ்டன் சிறையில் வைக்க வேண்டும். செலவைக் கப்பல் தலைவர் கொடுக்க வேண்டும். அவர் அழைத்துப்போக மறுத்தால் அவருக்கு 1,000 டாலருக்குக் குறையாத அபராதம், இரண்டு மாதத்துக்குக் குறையாத சிறை. விட்டுச் செல்லப்பட்ட மாலுமி முழு அடிமையாகக் கொள்ளப்பட்டு விற்கப்படுவார். வழி வேறானாலும் கணக்கு பழையதுதான்: சிறைச்செலவு கட்டப்படாவிட்டால் மனிதர் விலைப்பொருள்.

1823-இல் ஜமைக்காவில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகன் ஹென்றி எல்கிசனை இப்படி அடைத்தபோது வழக்கு, உச்ச நீதிமன்ற நீதிபதியும் தென் கரோலினாக்காரருமான வில்லியம் ஜான்சனிடம் வந்தது. சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அவர் துணிந்து எழுதினார். அதே தீர்ப்பில், மாநில அதிகாரத்தின் கீழ் அடைபட்டவரை விடுவிக்க ஆட்கொணர்வு ஆணை பிறப்பிக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும் எழுதினார். எல்கிசன் சிறையிலேயே இருந்தார். மைய அரசின் தலைமை வழக்கறிஞர் வில்லியம் வர்ட் 1824-இல் சட்டம் செல்லாது என்று கருத்துச் சொன்னார். 1831-இல் அதே பதவியிலிருந்த ஜான் பெரியன் செல்லும் என்றார். சட்டம் பலமுறை திருத்தப்பட்டாலும் அடைப்பது நிற்கவில்லை. ஜார்ஜியா, வட கரோலினா, புளோரிடா, அலபாமா, லூசியானா எனப் பரவியது. 1844-இல் தன் மாலுமிகளுக்காக வழக்காட மாசசூசெட்ஸ் மாநிலம் அனுப்பிய சாமுவேல் ஹோர் என்ற முதிய வழக்கறிஞரைச் சார்ல்ஸ்டனிலிருந்து விரட்டிவிட்டார்கள். 1852-இல் புயலில் அடிபட்டுக் கரைசேர்ந்த ஒரு பிரிட்டிஷ் கப்பலின் பணியாளர் மானுவேல் பெரேராவையும் அடைத்தார்கள். அவர் அந்தத் துறைமுகத்துக்கு வர நினைத்தவரே அல்லர்.

வடக்கே போனால் தப்பிக்கலாம் என்பது பாதி உண்மை. ஒஹையோ அடிமைமுறை இல்லாத மாநிலம். ஆனால் 1804-லேயே அங்கே கறுப்பர் தம் விடுதலைச் சான்றைக் கவுண்டி எழுத்தரிடம் பன்னிரண்டரை சென்ட் கொடுத்துப் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1807-இல் குடியேறிய இருபது நாளுக்குள் 500 டாலர் பிணை என்றானது. பல ஆண்டுகள் ஏட்டில் கிடந்த இந்தச் சட்டத்தை 1829-இல் சின்சினாட்டி நகரம் திடீரென அமல்படுத்தப் போவதாக அறிவித்தது. வெள்ளைக் கும்பல்களுக்கு அது அனுமதிச் சீட்டுப் போலாயிற்று. ஆயிரம் பேருக்கு மேல் நகரை விட்டுப் போனார்கள். ஒரு பகுதியினர் கனடாவில் வில்பர்ஃபோர்ஸ் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். இல்லினாயின் 1853-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை. வெளியிலிருந்து வந்து பத்து நாளுக்கு மேல் தங்கும் கறுப்பருக்கு 50 டாலர் அபராதம். கட்ட முடியாவிட்டால் ஏலம்: அபராதத்தையும் செலவையும் கொடுத்து, மிகக் குறைந்த காலத்துக்கு அவரது உழைப்பைக் கேட்பவருக்கு அவர் போவார். 1863-இல், லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்த அதே ஆண்டில், லிங்கனின் சொந்த மாநிலத்தின் கார்த்தேஜ் ஊரில் இந்தச் சட்டப்படி கறுப்பர்களை ஏலம்விட்டார்கள். சிகாகோவின் கறுப்பினத் தையற்கலைஞர் ஜான் ஜோன்ஸ் முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 1865-இல்தான் அது நீக்கப்பட்டது.

தற்காத்துக்கொள்ள மக்கள் என்ன செய்தார்கள்? முதலாவது, சீட்டை உயிரைப் போலக் காத்தார்கள். மடித்து மடித்து, வியர்வை பட்டு, மடிப்பில் கிழியும் காகிதம் அது. எழுத்து அழிந்தால் பயனில்லை. வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் ஜோசப் டிராம்மெல் என்பவர் 1852-இல் வாங்கிய தம் சான்றை வைக்கத் தகரத்தில் கையாலேயே ஒரு சிறு பெட்டி செய்துகொண்டார். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாவது, மூலப் பத்திரத்தை நீதிமன்றத்தில் பதிந்துவைத்து நகலை மட்டும் எடுத்துச் செல்வது; நகல் தொலைந்தாலும் மூலம் இருக்கும். மூன்றாவது, கடலோடிகளுக்கு 1796-ஆம் ஆண்டு மையச் சட்டப்படி சுங்க அலுவலகம் தந்த மாலுமிச் சான்று. அதில் அமெரிக்கக் கழுகு முத்திரை இருந்ததால் மாநில எல்லை தாண்டியும் மதிப்பிருந்தது. அதை இரவல் வாங்கித்தான், அப்போது அடிமையாக இருந்து பின்னாளில் அடிமை ஒழிப்புத் தலைவரான ஃபிரெடெரிக் டக்ளஸ் 1838 செப்டம்பர் 3 அன்று பால்டிமோரிலிருந்து ரயிலேறித் தப்பினார். சான்றில் இருந்த அடையாளங்கள் அவருக்குப் பொருந்தவில்லை. நடத்துநர் கழுகைப் பார்த்தாரே தவிர வரிகளைப் படிக்கவில்லை. கொடுத்துதவிய மாலுமி தம் பாதுகாப்பையே கழற்றிக் கொடுத்தார் என்பதை மறக்க வேண்டாம்.

காகிதம் தோற்றதும் உண்டு. 1841-இல் நியூயார்க்கைச் சேர்ந்த சாலமன் நார்த்தப் தெற்கே போகுமுன் முறையாகச் சான்று வாங்கியிருந்தார். வாஷிங்டனில் மயக்கமருந்து கொடுத்து அவரைக் கடத்தியவர்கள் முதலில் எடுத்தது அந்தச் சான்றைத்தான். 1853-இல் நியூயார்க் ஆளுநரின் பிரதிநிதி லூசியானா வரை போய் மீட்கும்வரை பன்னிரண்டு ஆண்டு அவர் அடிமை. வழக்குத் தொடுக்கவும் வழியிருந்தது. வர்ஜீனியா ஏழைகளுக்கு அதற்கு இலவச வழக்கறிஞரையும் தந்தது. ஆனால் அடிமை ஒழிப்புச் சங்கத்தார் உதவி, வழக்குத் தோற்றால், உதவியவருக்கு 100 டாலர் தண்டம் என்று 1790-களிலேயே சட்டம் வைத்துவிட்டார்கள்.

காகிதச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சார்ல்ஸ்டனில் 1860 ஆகஸ்டில் நடந்தது சான்று. தென் கரோலினாவில் 1820-க்குப் பிறகு சட்டமன்ற அனுமதி இல்லாமல் யாரையும் விடுவிக்க முடியாது. ஆகவே நல்லெண்ணம் கொண்ட எஜமானர்கள் பெயரளவில் உரிமையை வைத்துக்கொண்டு ஆட்களைச் சுதந்திரமாக வாழவிட்டார்கள். வரி கட்டி, வீடு வாங்கி, தொழில் செய்து நாற்பதாண்டு வாழ்ந்த குடும்பங்கள் அவை. தேர்தல் காய்ச்சலில் நகரக் காவலர்கள் வீடுவீடாகச் சென்று விடுதலைப் பத்திரம் கேட்டார்கள். காட்ட முடியாதவர்கள் அடிமைகள் அணியும் செம்புப் பட்டயத்தை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சிறை. தையற்காரரும் தச்சரும் பட்டயம் வாங்க வரிசையில் நின்றார்கள். பலர் வீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வடக்கே கப்பலேறினார்கள்.

வாஷிங்டனில் இது எப்படி முடிந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போர் தொடங்கிய 1861-லும் நகரச் சிறை இப்படிப் பிடிபட்டவர்களால் நிரம்பியிருந்தது. டிசம்பரில் செனட்டர் ஹென்றி வில்சன் அதைச் செனட்டில் எழுப்பினார். அதே மாதம் வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவர்ட் தளபதி மக்கிளெல்லனுக்கு எழுதிய கடிதத்தில், நிறத்தை வைத்து எழும் அனுமானத்தில் நகரக் காவலர்கள் ஆட்களைத் தப்பியோடியவர் என்று பிடிப்பதைக் குறிப்பிட்டார். 1862 ஜனவரி 25 அன்று மார்ஷல் வார்ட் ஹில் லாமனுக்குக் குடியரசுத் தலைவரின் பெயரில் ஆணை போயிற்று: குற்றச்சாட்டு எதுவும் இல்லாத எவரையும், சட்டப்படி முறையாக ஒப்படைக்கப்பட்டால் தவிர, தப்பியோடியவர் என்று சிறையில் ஏற்கக் கூடாது, அப்படி ஒப்படைக்கப்பட்டவரையும் 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஏப்ரல் 16-இல் தலைநகரில் அடிமைமுறையே ஒழிந்தது. மே 21-இல், தலைநகரின் கறுப்பர்கள் வெள்ளையருக்கு உள்ள அதே சட்டங்களின்படிதான் விசாரிக்கப்பட வேண்டும், அதே தண்டனைகள்தான் அவர்களுக்கும் என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியபோது, பிணையும் பதிவும் இரவு பத்து மணித் தடையும் செல்லாதவை ஆயின.